மோட்சத்தில் மனை உண்டு, சேலத்தில் திண்ணை இல்லை

சேர்வராயன் கோயிலுக்குள் நிமிர்ந்த தலையோடு நுழைந்தவர் யாரும் கிடையாது. நுழையப் பார்த்தவர்கள் உண்டு. நான் அந்த வகை. ஏற்காட்டின் உச்சியில், 5,326 அடி உயரத்தில், மரமில்லாத மொட்டை மேட்டில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருக்க, குகை வாசலில் ஒரு குனி குனிந்தேன். அந்தக் குனிவு போதவில்லை. 'ணங்'கென்று ஒரு சத்தம். எனக்கு முன்னால் போன பாட்டி திரும்பி, "பார்த்து வாங்க சாமி" என்றார். அடி விழுந்த பிறகு வரும் எச்சரிக்கைக்கு நம் ஊரில் என்றைக்குமே பஞ்சமில்லை.

உள்ளே இருட்டு, ஈரம், கற்பூர வாசனை. சேர்வராயனும் காவேரியம்மனும் குடியிருக்கிறார்கள். இந்தக் குகை போய்க்கொண்டே இருந்து கடைசியில் தலைக்காவிரியில் முடிகிறது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. நெற்றியைத் தடவிக்கொண்டே கணக்குப் போட்டேன். வாடகை இல்லை. அட்வான்ஸ் இல்லை. மாடி வீட்டுக்காரர் இல்லை. தண்ணீர் நேரே தலைக்காவிரியிலிருந்து. வருஷத்துக்கு ஒரு தடவை மே மாதத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் கும்பலாக வருகிறார்கள், அவர்களாகவே போயும்விடுகிறார்கள். இந்தச் சீமையில் இப்படி ஒரு வீடு அலையாமல் அமைந்தது சேர்வராயனுக்கு மட்டும்தான். மற்ற எல்லாரும் செருப்புத் தேயத் தேடியிருக்கிறார்கள்.

மலையின் சொந்தக்காரர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். மலையாளிகள். உடனே புட்டு, கடலைக்கறி, மோகன்லால் என்று போய்விடக்கூடாது. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவுதான். தமிழ் பேசும் பழங்குடியினர். சேர்வராயன் மலையைச் சேல நாடு, முட்ட நாடு, மோக நாடு என்று மூன்றாக வகுத்து வைத்திருப்பவர்கள். 'மலை முளைத்த நாளிலிருந்து நாங்கள் இங்கேதான்' என்று அவர்கள் சொன்னால் மறுத்துப் பேச எவனுக்கும் துணிச்சல் வராது. ஆனால் அவர்களுடைய கதை அப்படிச் சொல்லவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்தார்களாம். பெரியண்ணனுக்குச் சேர்வராயன் மலை, நடுவண்ணனுக்குப் பச்சைமலை, சின்னண்ணனுக்குக் கொல்லிமலை. 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதித் தள்ளிய எட்கர் தர்ஸ்டன்கூட இதைப் பதிவு செய்திருக்கிறார். வக்கீல் வைக்காமல், வாய்க்கால் தகராறு இல்லாமல், ஆளுக்கொரு மலை என்று பாகம் பிரித்துக்கொண்ட ஒரே தமிழ்க் குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆக, வீட்டுக்காரரே ஒரு காலத்தில் குடிவந்தவர். குடிவந்தவர் வீட்டுக்காரர் ஆனபிறகு, அடுத்து வருகிறவனிடம் எத்தனை கேள்வி கேட்பார் என்பது வாடகை வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1842இல் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றில் எழுதியிருக்கும். மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். போய்ச் சேர்ந்து 15 வருஷம் கழித்து எழுந்து வந்து, மலையேறி, ஓர் ஊரையும் கண்டுபிடித்துவிட்டுப் போயிருக்கிறார். உயிர்த்தெழுதலைப் பிரசங்கம் பண்ண வந்த பாதிரிகள் கையில் இந்தச் சுற்றுலாக் குறிப்பு மட்டும் கிடைத்திருந்தால் வேறு சாட்சியே தேவைப்பட்டிருக்காது.

உயிரோடு ஏறி வந்தவர் எம்.டி. காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலத்தின் கலெக்டர். காபிச் செடியையும் பேரிக்காயையும் ஆப்பிளையும் கூடவே கொண்டுவந்து நட்டார். கிரேஞ்ச் என்று ஒரு தோட்டமும் பங்களாவும் எழுந்தன. பின்னாளில், 1857 கலவரத்துக்குப் பயந்து, அதைக் கோட்டை மாதிரிக் கொத்தளம் வைத்துப் பலப்படுத்தினார்கள் என்றும் ஆறு மாதத்துக்கான சாப்பாட்டை நிலவறையில் அடுக்கினார்கள் என்றும் ஊரில் கதை உண்டு. கலவரம் நடந்தது மீரட்டிலும் டில்லியிலும் லக்னோவிலும். ஏற்காட்டில் அன்றைக்குப் பெரிய ஆபத்து அட்டைப்பூச்சிதான். அதற்குப் பீரங்கி தேவையில்லை, உப்பு போதும். போகட்டும். கலெக்டர் வீடு தேடமாட்டார். அவர் நின்ற இடம் வீடாகும். நம் கதைக்கு அவர் ஆகமாட்டார். கையில் அதிகாரம் இல்லாமல் வேதப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் நமக்கு வேண்டும். மேலே நிரந்தர வாசஸ்தலம் வாங்கித் தருகிறோம் என்று கடல் தாண்டி வந்தார்கள். கீழே ஒரு திண்ணை கிடைக்கவில்லை.

அதற்கு மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வரவேண்டும். காக்பர்னுக்கு 200 வருஷம் முன்னால்.

அதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்று. சில வருஷங்களுக்கு முன் சேலத்தில் வீடு தேடினேன். புரோக்கர் கூட்டிப்போன வீட்டில் பெரியவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். பேட்டி இப்படிப் போனது:

"தம்பி எந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

தெருவைக் கேட்பது போஸ்ட்மேன் வேலைக்கல்ல என்று எனக்குத் தெரியும். பொதுவாக, "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன். பெரியவர் அசரவில்லை.

"கவுச்சி சாப்பிடுவீங்களோ?"

"வீட்டுல சமைக்கமாட்டேன் சார். வெளியிலதான் எப்பவாவது..."

"வெளியில சாப்பிட்டாலும் வயிறு வீட்டுக்குள்ளதானே வரும்?"

இந்தத் தர்க்கத்துக்கு இன்று வரைக்கும் எனக்குப் பதில் தெரியாது. வீடு கிடைக்கவில்லை. ஆனால் ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலியரின் மேல் எனக்கு அன்றைக்குத் திடீரென்று ஒரு சகோதர பாசம் வந்தது.

நோபிலி பெரிய இடத்துப் பிள்ளை. 1577இல் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1606இல் மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் பத்து வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். புதிதாக ஒருவரும் சேரவில்லை. நோபிலி ஏன் என்று விசாரித்தார். விடை ஒற்றைச் சொல்லாக வந்தது: பரங்கி. மாடு தின்பான், சாராயம் குடிப்பான், தோல் செருப்போடு நடப்பான். அவன் விற்கிற மோட்சமும் அந்த வாடைதானே அடிக்கும்?

அதாவது, வயிறு வீட்டுக்குள்ளதானே வரும்?

நோபிலிக்கு வினாத்தாள் அவுட்டாகிவிட்டது. கறுப்பு அங்கியைக் கழற்றினார். காவி உடுத்தினார். கட்டைச் செருப்பு, கமண்டலம். பூணூல். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சோறு, பால், காய்கறி. சமைக்கப் பிராமணச் சமையற்காரர். நான் பரங்கி இல்லை, ரோமாபுரியின் ராஜகுலத்தவன் என்று சொல்லிக்கொண்டு, உயர்சாதியார் தெருப்பக்கம் தனி வீடு பார்த்துக் குடியேறினார். தமிழும் தெலுங்கும் படித்தார்; சிவதர்மா என்பவரிடம் சமஸ்கிருதம் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தமிழ்நாட்டு வாடகை வரலாற்றில், வீட்டுக்காரர் போட்ட எல்லா நிபந்தனைக்கும் 'ஆகட்டும்' என்று சொன்ன முதல் ஐரோப்பியர் அவராகத்தான் இருப்பார்.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் இருக்கிறது. அந்தத் தெருவில் வீடு வேண்டுமென்றால் பழைய பெர்னாண்டஸோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, ஒரே பந்தியில் உட்காரக்கூடாது. நோபிலி அதற்கும் தலையாட்டினார். கிழவர் பல வருஷம் தனியாக ஊழியம் செய்தவர். கூட இருந்த தம்பி திடீரென்று ஐயராகி, தீட்டு என்று தள்ளி நின்றால் எப்படி இருக்கும்? பேனாவை எடுத்தார். மேலிடத்துக்குப் புகார் போனது. கோவாவில் விசாரணை, ரோமில் விசாரணை. பூணூல் போடலாமா, குடுமி வைக்கலாமா, சந்தனம் பூசலாமா, குளிக்கலாமா என்று ஐரோப்பாவின் பெரிய தலைகள் எல்லாம் உட்கார்ந்து வருஷக்கணக்கில் யோசித்தன. குளிக்கலாமா என்பதுகூட அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை மதுரை வெயிலில் நின்றுகொண்டு நினைத்துப் பார்க்கவேண்டும். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் தீர்ப்பு எழுதினார்: மூடநம்பிக்கை கலக்காமல் பார்த்துக்கொண்டால், எல்லாம் ஆகலாம்.

அதே 1623இல்தான் நோபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்தார். திருச்சி தாண்டிச் சேந்தமங்கலம். அங்கே ராமச்சந்திர நாயக்கர் மரியாதையாக வரவேற்று, வேண்டுமானால் இடம் தருகிறேன், தங்குங்கள் என்றார். நம்மில் யாராக இருந்தாலும் பத்திரம் எழுதி வாங்கியிருப்போம். நோபிலி நன்றி சொல்லிவிட்டு, சேலத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கையில் இருந்த வீட்டை விட்டுவிட்டு இன்னும் நல்லதாகக் கிடைக்கும் என்று போகிறவர்களுக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

சேலம் கதவைச் சாத்திக்கொண்டது. பூணூல் இருக்கிறது, காவி இருக்கிறது, கவுச்சி இல்லை, ரோமாபுரியிலிருந்து அனுமதிக் கடிதமே இருக்கிறது. வீடு மட்டும் இல்லை. வழிப்போக்கர்கள் தங்கும், நாலாபுறமும் காற்று அடிக்கிற பொதுச் சத்திரத்தில் கிடந்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. உடம்புக்கு முடியாமல் போய்ப் படுத்தார். அதற்குப் பிறகுதான் உள்ளூர்க்காரர் ஒருவர் மனசு இளகி இடம் கொடுத்தார். என் சேலத்துப் பெரியவரும் நான் அவர் திண்ணையில் மயங்கி விழுந்திருந்தால் இளகியிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. யோசனை அன்றைக்கு வரவில்லை.

அங்கே நோபிலிக்குக் கிடைத்த பெரிய சிநேகிதர் யார் தெரியுமா? திருமங்கல நாயக்கர். தம்பியால் அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்ட அண்ணன். காஞ்சிபுரத்து அண்ணன் தம்பிகள் மாதிரிப் பாகப்பிரிவினை சுமுகமாக எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. வீடில்லாத சந்நியாசியும் நாடில்லாத நாயக்கரும் உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள்? மோட்சத்தைப் பற்றி என்று சபைக் கடிதங்கள் சொல்லும். பாதி நேரமாவது இடத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம். நாயக்கர் 1625இல் ஞானஸ்நானம் பெற்றார். மேலே ஒரு இடம் உறுதியாயிற்று. கீழே ராஜ்யம் திரும்பவில்லை. நோபிலிக்கும் கடைசிவரை பெரிய வீடு என்று ஒன்று அமையவில்லை. பார்வை மங்கி, மயிலாப்பூரில் ஒரு மண் குடிசையில் இருந்து, 1656 ஜனவரியில் இறந்தார்.

இயேசு சபைக்காரருக்காவது சத்திரம் கிடைத்தது. புராட்டஸ்டண்டுகளுக்குக் கிடைத்த வரவேற்பு இன்னும் பிரமாதம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இறங்கினார்கள். அனுப்பியவர் சாதாரண ஆளில்லை, டென்மார்க் அரசர். ஊரும் டேனிஷ்காரர்களின் ஊர். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கவேண்டாமா? கோட்டைத் தளபதி ஹாசியஸ் இவர்களைக் காலையிலிருந்து மாலை வரை வெயிலில் காக்க வைத்தார். பிறகு வந்து, யார், எதற்கு, உங்களை யார் கேட்டது என்று விசாரித்தார். கடைசியில் கடைவீதிச் சதுக்கம் வரைக்கும் கூட்டிப்போய், அங்கேயே விட்டுவிட்டு, பரிவாரத்தோடு திரும்பிப் போய்விட்டார். இரண்டு பேரும் மூட்டை முடிச்சோடு நடுத்தெருவில். இரக்கப்பட்ட ஒருவர் புண்ணியத்தில்தான் அன்றைக்குத் தலைசாய்க்க இடம் கிடைத்தது.

சீகன்பால்க் அசரவில்லை. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொன்னார். பொடிசுகளோடு பொடிசாக மணலில் உட்கார்ந்து, விரலால் 'அ' எழுதித் தமிழ் கற்றார். வீட்டில் இடம் இருந்தால் வாத்தியாருக்குக் கொடு, வாடகைக்குப் பதிலாக மொழி வரும் என்பது அவர் கண்டுபிடித்த ஏற்பாடு. ஆனால் தளபதிக்குக் கோபம் ஆறவில்லை. 1708இல் சீகன்பால்க்கைப் பிடித்து டேன்ஸ்பர்க் கோட்டையில் நாலு மாதம் அடைத்தார். வீடு இல்லை வீடு இல்லை என்று அலைந்தவருக்கு அரசாங்கச் செலவில் கடல் பார்த்த கோட்டை.

சேலத்துக்குத் திரும்புவோம். லண்டன் மிஷனின் ஹென்றி கிரிஸ்ப் 1827இல் வந்தார். 1813 வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சீமையில் பாதிரிகளைச் சேர்த்துக்கொள்ளவே விரும்பவில்லை. மதம் பேசினால் கணக்குப் புத்தகம் கலங்கும் என்று பயம். ஆகவே கிரிஸ்ப் வந்தது காலம் கொஞ்சம் கனிந்த பிறகு. ஆனால் கம்பெனி விட்ட இடத்தைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பாதிரிக்கு வீடு தர ஆள் இல்லாத காலம் போய், கல்லறைக்கு இடம் தேடும் காலம் வந்தது. 1840இல் வந்த ஜான் மைக்கேல் லெக்லர் மட்டும் இருபது வருஷம் தாக்குப்பிடித்தார். பள்ளிக்கூடம், தச்சுப் பட்டறை என்று ஊரோடு ஒட்டிக்கொண்டார்; அவர் பெயரில் சேலத்தில் இன்றும் ஒரு தேவாலயம் நிற்கிறது.

தரையில் வெயிலும் வாந்திபேதியும். அண்ணாந்து பார்த்தால் மலை. அத்தனை மிஷன்களும் அண்ணாந்துதான் பார்த்தன. மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் 1834இல் வந்து பத்து வருஷத்துக்குள் வரிசையாக ஆட்களைப் புதைத்தார்கள். முதலில் பக்கத்தில் இருக்கிறதே என்று சிறுமலைக்கு ஏறினார்கள். சிறுமலையில் வாழைப்பழம் நன்றாக இருக்கும். காய்ச்சலும் நன்றாகவே இருந்தது. இறங்கி, இன்னும் உயரமாக ஏறி, 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடு கட்டினார்கள். ஒன்றின் பெயர் ஷெல்டன். இன்னொன்று சன்னிசைடு. வெயிலுக்குப் பயந்து ஏழாயிரம் அடி ஏறி ஓடிப்போனவர்கள் கட்டிய முதல் வீடுகளில் ஒன்றுக்கு வைத்த பெயர் வெயில் பக்கம்! புக்ககத்தில் இருந்துகொண்டு பிறந்தகத்தைத் திட்டுகிற மருமகள், மகளுக்குப் பாட்டி பெயரையே வைப்பது மாதிரி.

மலை வீட்டில் எந்த உயரத்தில் குடியிருப்பது என்பது அப்போது ஜோசியம்தான். கெட்ட காற்று என்றார்கள், அழுகிய இலை என்றார்கள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்க்கும் வரைக்கும், ஜன்னலை மூடுவதா திறப்பதா என்பதே பெரிய சர்ச்சையாக இருந்தது. ராஸுக்குப் பிறகும் கொல்லிமலைக் கொசு அதைப் படித்துத் திருந்திவிடவில்லை.

அதுதான் சின்னண்ணன் பாகத்துக்கு வந்த மலை. பெயரிலேயே கொல்லி. கீழே இருந்தவர்கள் பகலில் ஏறிப் பகலிலேயே இறங்கிவிடுவார்கள். அங்கேதான் போய்க் குடியிருப்பேன் என்று ஒரு தம்பதி கிளம்பியது. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின். இங்கிலாந்துக்காரர்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். எவலின் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் வரைவார், நல்ல உடுப்பில் ஆசை உள்ளவர். 1913 ஆகஸ்டில் கல்யாணம். எங்கே? சேந்தமங்கலத்தில். ராமச்சந்திர நாயக்கர் இடம் தருகிறேன் என்று சொன்னாரே, அதே சேந்தமங்கலம். 290 வருஷம் கழித்து, நோபிலி வேண்டாம் என்று விட்டுப்போன ஊரில், இன்னொரு மிஷனரி தாலி கட்டாமல் மோதிரம் மாற்றிக்கொண்டு, மணப்பெண்ணை அன்றைக்கே புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்.

புகுந்த வீடு மலை உச்சியில். இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அன்றைக்கு வளைவு கிடையாது, ஏனென்றால் ரோடே கிடையாது. டோலி ஏற்பாடு. தூக்கும் ஆட்கள் வரவில்லை. மழை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. கல்யாண உடுப்போடு, முள்ளில் கிழிந்து, சேற்றில் தோய்ந்து, மணப்பெண் நடந்தே ஏறினார் என்று சொல்வார்கள். நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் பாதி வழியிலேயே மாப்பிள்ளை வீட்டாரின் லட்சணத்தைப் பற்றி நாலு வார்த்தை கேட்டிருப்பார். எவலின் கேட்டாரா என்பதை வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் குறித்து வைப்பதில்லை.

ஜெஸ்ஸிக்குக் கட்டட வேலை தெரியும். வாடகைக்கு யாரும் தரப்போவதில்லை என்பதால் வீட்டையே தலைச்சுமையாக ஏற்றிவிட்டார். பலகை பலகையாக, சட்டம் சட்டமாக, கூலியாட்கள் தலையில். மேலே போய்க் கோத்துக் கால்கள் மேல் நிறுத்தினார். கறையானுக்கு மரம் என்றால் பிரியாணி. ஆகவே ஒவ்வொரு காலின் உச்சியிலும் வாணலியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி ஓர் இரும்புத் தட்டு. கறையான் ஏறி வரும், தட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும், சேர்வராயன் குகை வாசலில் நான் நின்ற மாதிரி. இந்த வீட்டின் கீழே குனிந்து போய்க் காலுக்குக் கால் மண் புற்று ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நித்திய வேலை. ஜெபத்துக்கு விடுமுறை விட்டாலும் கறையானுக்கு விடமுடியாது.

அவர்கள் குடியேறிய ஊரின் பெயர்தான் விசேஷம். வாழவந்தி. வாழ வந்தவள் என்று பொருள். எந்தக் கல்யாணத் தரகரும் இவ்வளவு பொருத்தம் பார்த்திருக்கமாட்டார்.

வீடு வந்துவிட்டது, ஊர் வரவில்லை. பூசாரிக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. பூசாரிக்குப் பிடிக்காத வீட்டுக்கு மருந்துக்கு வேண்டுமானால் வருவார்கள், உறவுக்கு வரமாட்டார்கள். முதல் உலகப்போர் முடியும் நேரம் இன்ஃபுளுவென்சா வந்து மலையைப் புரட்டிப் போட்டது. எல்லாரும் எல்லாரையும் விட்டு ஓடிய நாட்களில் இந்தத் தம்பதி வீடு வீடாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டு அலைந்தது. பூசாரியும் படுத்தார். சாகப்போகிற நேரத்தில் தம் பிள்ளைகளை இவர்களிடமே ஒப்படைத்தார். சேலத்தில் நோபிலி படுத்த பிறகு ஊர் இளகியது. இங்கே ஊர் படுத்த பிறகு ஊரே இளகியது.

இவர்களுடைய சொந்த மகன் பால், 1914இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவன். அவனுக்குப் பள்ளிக்கூடம் மரத்தின் மேல். கிளையில் உட்கார்ந்து பாடம் எழுதித் தாளைக் கீழே போடுவான், அம்மா திருத்துவார். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையில் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர்தான்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் போனார். மலேரியா முற்றினால் வருவது. கறையானை நிறுத்திய வாணலி கொசுவை நிறுத்தவில்லை.

இனி நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1947 வாக்கில் எவலினிடம், வயசாகிவிட்டது, ஓய்வு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள் என்றது மிஷன். அதாவது வாழ வந்தவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. எவலின் அம்மாள் ஒரே ஒரு வருஷம் மலையில் இருந்துவிட்டு இறங்கிவிடுகிறேன் என்று கேட்டு வாங்கினார். சாதுவாக ஏறிப்போனார். வருஷம் முடிந்தது. இறக்கி அனுப்பி வைக்க ஆட்கள் வந்தபோது அறிவித்தார்: மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இனி உங்கள் உத்தரவு என் மேல் செல்லாது, நான் இங்கேயேதான் இருப்பேன். காலி செய்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டு கடைசி நாளில் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் வித்தையை நம் ஆட்கள் எத்தனை நாளில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள் பாருங்கள்!

அதற்குப் பிறகு கொல்லிமலையோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. பச்சைமலை, கல்ராயன், சித்தேரி என்று மட்டக்குதிரையில் சுற்றினார். விழுவார், எலும்பு முறியும், மறுபடி ஏறுவார். இடுப்பு ஒத்துழைக்காதபோது இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். நல்ல உடுப்பில் ஆசை வைத்திருந்த அந்த லண்டன் பெண்ணின் குடிசையில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட இல்லாமல் போயிற்று, அவரே எடுத்துவிட்டார். 95 வயதில், 1974 டிசம்பரில்தான் வீட்டைக் காலி செய்தார்.

நோபிலி சேலத்தில் குளிரில் படுத்ததற்கும் இன்றைய ஏற்காட்டுக்கும் நடுவில் உலகம் தலைகீழாகிவிட்டது. 1894இல் திரு இருதயக் கன்னியர் பள்ளி, 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி, இன்னும் எத்தனையோ மடங்களும் தியான இல்லங்களும். நாலு தப்படி நடந்தால் ஒரு சிலுவை, ஒரு சில்வர் ஓக், அதைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி. இவற்றில் சிலுவை ஐரோப்பா வழியாக வந்தது, சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, அடியில் நிழலுக்கு ஒதுங்கியிருக்கும் காபி அரபிக்கடலுக்கு அந்தப்பக்கம். மிளகு மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துப் பயல், அவனும் வெளியூர்தான்.

குகையிலிருந்து பின்பக்கமாகவே குனிந்து வெளியே வந்தேன். இந்த முறை அடி படவில்லை. பின்மண்டைக்கு அறிவு அதிகம் போலிருக்கிறது. எச்சரித்த பாட்டி வெளியே கல்லில் உட்கார்ந்து சேலைத் தலைப்பில் விபூதியை முடிந்துகொண்டிருந்தார்.

"எங்க தங்கியிருக்கீங்க?"

விடுதியின் பெயரைச் சொல்லவில்லை. வாடகையை மட்டும் சொன்னேன். சனி ஞாயிறு என்பதால் இரட்டிப்பு என்றும் சொன்னேன்.

பாட்டி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஒரு ராத்திரிக்கா? படுத்துத் தூங்கறதுக்கா?"

"ஆமாங்க."

"எங்க வீட்டுத் திண்ணை சும்மாதானே கிடக்குது சாமி. கேட்டிருக்கலாமில்ல?" என்றவர், என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஈஸிசேர்ப் பார்வை. அடுத்த கேள்வியும் தெரியும்.

"கவுச்சி சாப்பிடுவீங்களா?"

"வெளியிலதான், எப்பவாவது..." என்று இழுத்தேன்.

"அட, சாப்பிடுவீங்கன்னா சொல்லுங்க. நாட்டுக்கோழி ஒண்ணு முட்டை போடறதை நிறுத்திட்டு ஊரைச் சுத்திக்கிட்டுக் கிடக்குது."